ஆய்வுத் தரவை டி.ஓ.ஐ. போட்டு மேற்கோள் காட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுரையை அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, பதினோரு மணிக்கு மேல்தான் இந்தக் கேள்விகள் எல்லாம் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டி.ஓ.ஐ. என்பது ஒரு கட்டுரைக்கோ தரவுத்தொகுப்புக்கோ கொடுக்கப்படும் நிலையான அடையாள எண். எனக்குப் பழகியது கடல் தரவு, அதனால் உதாரணங்களில் கொஞ்சம் உப்புக் கரிக்கும்.

டேட்டா இருக்கும் பக்கத்தின் லிங்க்கைக் கொடுத்தால் போதாதா?

இன்றைக்குப் போதும். ஐந்து வருஷம் கழித்து யாராவது தட்டினால்தான் வினை. சென்னையில் சில வீட்டு வாசலில் "பழைய எண் 14, புதிய எண் 27" என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பார்கள் இல்லையா, இணையத்தில் அந்தக் கருணைகூடக் கிடையாது. சர்வரை மாற்றுவார்கள், துறைக்குப் பெயர் மாறும், அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுப் போவார், லிங்க் செத்துவிடும்.

"ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுக்கொள்ளலாமே" என்பவர்களுக்கு: 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 2 முதல் 22 ஆண்டு வரை பழைய 516 கட்டுரைகளை எடுத்து அவற்றின் தரவைக் கேட்டுப் பார்த்தார்கள். கட்டுரைக்கு ஒரு வயது கூடக் கூட, தரவு இன்னும் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் ஆண்டுக்கு 17 சதவீதம் சரிந்தது. வேலை செய்கிற மின்னஞ்சல் முகவரி கிடைப்பதும் ஆண்டுக்கு 7 சதவீதம் என்று குறைந்தது. தரவு தொலைவதில் சதி எதுவும் இல்லை, பெரும்பாலும் ஒரு பழைய கணினியும், ஜிப் டிரைவ் என்ற பழைய காலத்துச் சேமிப்புக் கருவியும்தான் காரணம்.

நானும் செய்திருக்கிறேன். ஒரு கட்டுரையில் கூகுள் டிரைவ் லிங்க் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒரு நாள் போல்டர்களை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் இடம் மாற்றினேன். ரிவியூவர் எழுதிய முதல் வரியே "கோப்பு திறக்கவில்லை".

சரி, டி.ஓ.ஐ. மட்டும் எப்படி நிலைத்து நிற்கிறது?

"குறள் 391" என்று சொன்னால் எந்தப் பதிப்பகம் போட்ட புத்தகத்திலும் ஒரே குறளைத்தான் எடுப்பீர்கள். "பக்கம் 84" என்று சொன்னால் உங்கள் கையில் உள்ள புத்தகத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும். லிங்க் என்பது பக்க எண். டி.ஓ.ஐ. என்பது குறள் எண்.

உள்ளே நடப்பது எளிது. டிஓஐ டாட் ஓஆர்ஜி என்ற முகவரிக்குப் பின்னால் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது: ஒரு பக்கம் எண், மறுபக்கம் அந்தப் பொருள் இப்போது இருக்கும் இணைய முகவரி. தரவை வைத்திருக்கும் இணையக் களஞ்சியம் இடம் மாறினால் அட்டவணையில் தன் வரியை மட்டும் திருத்திவிடும், உங்கள் கட்டுரையில் அச்சான எண்ணை யாரும் தொட வேண்டாம். இதற்கு அடியில் ஓடுவது ஹேண்டில் என்ற அமைப்பு. இணையத்தின் அடிப்படையான டிசிபி/ஐபியை உருவாக்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் கான்தான் அதையும் தொடங்கினார். கட்டுரைகளுக்கு எண் தருவது பெரும்பாலும் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பு, தரவுக்கு டேட்டாசைட் என்ற அமைப்பு. டேட்டாசைட் 2009 டிசம்பரில் லண்டனில் தொடங்கியது. அதற்கு முன்பே 2004 வாக்கில் ஜெர்மனியின் ஹனோவரில் உள்ள தொழில்நுட்ப நூலகம் தரவுக்கு டி.ஓ.ஐ. கொடுக்க ஆரம்பித்திருந்தது.

ஆனால் ஒன்று. குறள் எண்ணும் வானத்திலிருந்து விழவில்லை. பழைய உரைகளில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை உரையாசிரியருக்கு ஏற்ப மாறும். பரிமேலழகர் வரிசையை எல்லோரும் ஏற்றுக்கொண்டதால்தான் இன்று எண்ணைச் சொன்னால் வேலை நடக்கிறது. டி.ஓ.ஐ.யும் அப்படித்தான். எண்ணுக்குள் எந்த மந்திரமும் கிடையாது, அட்டவணையைத் திருத்திக்கொண்டே இருப்போம் என்று களஞ்சியம் கொடுத்த வாக்குதான் அதை நிற்க வைக்கிறது. மற்ற கேள்விகளில் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

10.17882/42182 என்பதை எடுத்துக்கொள்வோம். இது ஆர்கோ மிதவைத் தரவின் டி.ஓ.ஐ. எல்லா டி.ஓ.ஐ.யும் 10 என்றுதான் தொடங்கும். புள்ளிக்குப் பிறகு வரும் 17882, எண்ணைப் பதிவு செய்தவருக்குரியது, இங்கே சீனோ என்ற பிரெஞ்சுக் கடல்சார் களஞ்சியம். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது களஞ்சியம் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர், அது எண்ணாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம். முன்பகுதியை வைத்து "தரவு இப்போது இவரிடம்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். பதிவு செய்தவர் ஒருவர், இன்று வைத்திருப்பவர் வேறொருவர் என்பது சகஜம்.

நான் எடுத்த டேட்டா தினமும் மாறிக்கொண்டே இருக்கிறது. எதைக் காட்டுவது?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

ஆர்கோ என்பது உலகக் கடல்கள் முழுவதும் மிதக்கும் ஏறத்தாழ 4,000 தானியங்கி மிதவைகள். ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டே இருக்கும். பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோள் வழியாகத் தரவை அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். வங்கக் கடலிலும் இருக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள இன்காயிஸ் நிறுவனம்தான் இந்தியப் பங்கைப் பார்த்துக்கொள்கிறது.

மிதவை அனுப்பியது ஒரு நாளுக்குள் வெளியே வந்துவிடும், அது தானியங்கிச் சோதனை மட்டும் முடிந்த தரவு. ஓராண்டு போலக் கழித்து ஒரு நிபுணர் உட்கார்ந்து, பக்கத்து மிதவைகளோடும் பழைய அளவீடுகளோடும் ஒப்பிட்டு, உணரியின் (சென்சாரின்) அளவு நாளடைவில் வழுகி விலகியிருந்தால் திருத்திப் போடுவார். அதாவது நீங்கள் போன மார்ச்சில் இறக்கிய உப்புத்தன்மையும், உங்கள் ஜூனியர் அடுத்த மார்ச்சில் இறக்கும் உப்புத்தன்மையும், அதே மிதவை, அதே நாள், அதே ஆழம் என்றாலும், வேறு வேறாக இருக்கலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2015 வாக்கிலிருந்து தயாரான உணரிகளில் ஒரு பகுதி, உப்பை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டத் தொடங்கியது. கடல் மட்ட உயர்வின் கணக்கு (உப்புத்தன்மையும் அதில் சேரும்) 2016க்குப் பிறகு இடிக்கிறதே என்று தேடியபோது, இடித்ததில் ஒரு பங்குக்கு இந்த வழுகல்தான் காரணம் என்று தெரிந்தது. அந்தக் காலக் கட்டுரை ஒன்றை இன்று படிக்கிறீர்கள், ஆசிரியர் பயன்படுத்தியது திருத்தத்துக்கு முந்தைய தரவா, பிந்தையதா? "ஆர்கோ தரவைப் பயன்படுத்தினோம்" என்று மட்டும் எழுதியிருந்தால் தலைகீழாக நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு ஆர்கோகாரர்கள் செய்தது நல்ல வேலை. மாதம் ஒரு முறை மொத்தத் தரவையும் அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துவிடுகிறார்கள். டி.ஓ.ஐ. எல்லாவற்றுக்கும் ஒன்றேதான், 10.17882/42182. அதன் வாலில் # போட்டு ஓர் எண் சேர்த்தால் குறிப்பிட்ட மாதத்தின் நகல். கட்டுரையில் வாலோடு எழுதுங்கள். மேற்கோள் மென்பொருள் அந்த வாலை நறுக்கிவிட்டதா என்று அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எல்லாக் களஞ்சியமும் இப்படி நகல் எடுத்து வைப்பதில்லை. வைக்காவிட்டால் டி.ஓ.ஐ.யோடு பதிப்பு எண், இறக்கிய தேதி, எந்த வடிகட்டலில் எடுத்தீர்கள் என்ற விவரம் மூன்றையும் எழுதுங்கள். முடிந்தால், உரிமம் அனுமதித்தால், நீங்கள் கடைசியில் கணக்குப் போட்ட கோப்பையே தனியாக ஒரு களஞ்சியத்தில் போட்டு அதற்கும் ஒரு டி.ஓ.ஐ. வாங்கிக்கொள்ளுங்கள்.

மேற்கோளில் என்னென்ன எழுத வேண்டும்?

உருவாக்கியவர், ஆண்டு, தலைப்பு, பதிப்பு, களஞ்சியத்தின் பெயர், எண். தலைப்புக்குப் பக்கத்தில் "தரவுத்தொகுப்பு" என்று குறித்தால் நல்லது, இல்லாவிட்டால் படிப்பவர் கட்டுரை என்று நினைத்துப் போய் ஏமாறுவார். எண்ணை முழு முகவரியாக, எச்டிடிபிஎஸ் தொடங்கி எழுதுங்கள். பழைய கட்டுரைகளில் முன்னால் "டிஎக்ஸ்" ஒட்டிய முகவரி பார்த்திருப்பீர்கள், அதுவும் திறக்கும், ஆனால் புதிதாக எழுதும்போது வேண்டாம்.

கையால் தட்டச்சு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. களஞ்சியப் பக்கத்தில் மேற்கோளை நகலெடுக்கும் பொத்தான் இருக்கும். சோடெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் டி.ஓ.ஐ.யை ஒட்டினால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். வந்ததைச் சரிபாருங்கள். தமிழ்ப் பெயர்களில் இனிஷியலைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு தலைகீழாக்கும் வழக்கம் எல்லா மென்பொருளுக்கும் உண்டு.

நன்றியுரையில் தரவுக்காரர்களைக் குறிப்பிட்டுவிட்டேன். அது போதுமா?

போதாது. மேற்கோள்களை எண்ணும் இயந்திரங்கள் துணைநூற்பட்டியலைத்தான் படிக்கும், நன்றியுரையை அல்ல. மிதவையைக் கடலில் இறக்கக் கப்பலில் போனவரும், ஓராண்டு உட்கார்ந்து உப்பைத் திருத்தியவரும் அடுத்த நிதி கேட்கும்போது "இத்தனை கட்டுரை இதைப் பயன்படுத்தியது" என்று காட்ட வேண்டும். நீங்கள் நன்றியுரையில் உருகி உருகி எழுதியது அந்த எண்ணிக்கையில் ஏறாது. சில திட்டங்கள் நன்றியுரையில் ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தையும் கேட்கும், ஆர்கோவும் கேட்கிறது. அப்போது இரண்டு இடத்திலும் போடுங்கள். "தரவு எங்கே கிடைக்கும்" என்று இதழ்கள் கேட்கும் பத்தியிலும் அதே டி.ஓ.ஐ.யைச் சொல்லுங்கள், ஆனால் பட்டியலில் இருப்பதுதான் முக்கியம். தரவு மேற்கோளுக்கும் கட்டுரை மேற்கோளுக்கும் சம மதிப்பு என்று 2014இலேயே ஒரு கூட்டுப் பிரகடனம் எட்டுக் கொள்கைகளாக எழுதி வைத்தாயிற்று. நடைமுறைதான் இன்னும் பின்னால் நடந்து வருகிறது.

தரவைப் பற்றிய கட்டுரைக்கு டி.ஓ.ஐ. இருக்கிறதே, அதை மட்டும் போட்டால்?

அது சமையல் குறிப்பைக் காட்டிவிட்டுச் சாப்பாட்டைக் காட்டாமல் இருப்பது. கட்டுரை ஒரு முறை வெளிவந்தால் அதே இடத்தில் நிற்கும், தரவு அதற்குப் பிறகு நாலு பதிப்பு கண்டிருக்கும். இரண்டையும் போடுங்கள்.

பல இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்தேன். முந்நூறு மேற்கோள் போட வேண்டுமா?

வேண்டாம். பல்லுயிர்த் தரவில், உலகெங்கிலுமிருந்து உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் என்ற தளம் இதற்கு நல்ல வழி செய்திருக்கிறது. பொங்கல் விடுமுறையில் நம் ஊர்க்காரர்கள் குளக்கரையில் நின்று ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்த கொக்கும் நாரையும்கூட ஜிபிஐஎஃபுக்குப் போய்ச் சேர்கின்றன. தமிழ்நாட்டின் செங்கால் நாரைப் பதிவுகளை மட்டும் வடிகட்டி இறக்கினால், அந்த ஓர் இறக்கத்துக்கே தனியாக ஒரு டி.ஓ.ஐ. கிடைக்கும். அதைத் தட்டினால் என்ன வடிகட்டல், எந்தத் தேதி, எந்தெந்தத் தொகுப்பிலிருந்து எத்தனை பதிவு என்று எல்லாம் தெரியும். நீங்கள் ஒரே ஒரு மேற்கோள் போட்டால் போதும், பங்கு தந்த ஒவ்வொரு தொகுப்புக்கும் அது போய்ச் சேரும்.

பலர், தங்கள் இறக்கத்துக்குக் கிடைத்த டி.ஓ.ஐ.யை விட்டுவிட்டு ஜிபிஐஎஃபின் முகப்புப் பக்கத்தை மேற்கோளாகப் போடுகிறார்கள். மதுரையில் ஒரு வீட்டைக் காட்டச் சொன்னால் "வைகைக் கரையில்" என்று சொல்வது போல.

ஷோத்கங்காவில் உள்ள ஆய்வேட்டுக்கு டி.ஓ.ஐ. இல்லையே?

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியமான அங்கே 10603/ என்று தொடங்கும் ஹேண்டில் எண் இருக்கும். மேலே சொன்ன அதே அமைப்புதான், டி.ஓ.ஐ.க்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாராளமாக மேற்கோளில் போடலாம்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பல கல்வி நிறுவனங்கள் டிஸ்பேஸ் என்ற மென்பொருளை நிறுவித் தங்கள் களஞ்சியத்தை நடத்துகின்றன. அதை நிறுவியதும் ஹேண்டில் முன்பகுதியாக 123456789 என்று ஒரு மாதிரி எண் இருக்கும். முறையாகப் பதிவு செய்து சொந்த எண் வாங்கி மாற்ற வேண்டும். பலர் மாற்றவே இல்லை. 123456789/ என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் அது நிலையான அடையாளம் அல்ல, அந்த சர்வருக்கு வெளியே அதற்கு மதிப்பே கிடையாது. ஒரு கல்லூரிக் களஞ்சியத்தில் இதைச் சுட்டிக்காட்டியபோது "நல்லா ஞாபகம் இருக்கிற நம்பர்தானே சார்" என்று பதில் வந்தது.

மரபணு வரிசைக்கெல்லாம் வேறு எண் இருக்கிறதே?

ஆமாம், அந்தத் துறையில் டி.ஓ.ஐ.க்கு முன்பே பழகிப்போன எண்கள் உண்டு, அதையே பயன்படுத்துங்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். கோவிட் வைரஸின் முதல் வரிசை, ஜென்பேங்க் என்ற மரபணு வரிசைக் களஞ்சியத்தில் எம்என்908947. நாம் எல்லோரும் பயன்படுத்துவது அதன் மூன்றாம் பதிப்பு, எம்என்908947.3, நீளம் 29,903 எழுத்துகள். முதல் பதிப்பின் நீளம் வேறு. ".3" இல்லாமல் எழுதினால் ஒரு பிறழ்வின் (மியூட்டேஷனின்) இட எண் எதைக் குறிக்கிறது என்றே சொல்ல முடியாது.

என் தரவுக்கு டி.ஓ.ஐ. வாங்கக் காசு ஆகுமா?

ஜெனிவாவின் செர்ன் என்ற இயற்பியல் ஆய்வு மையம் நடத்தும் ஜெனோடோ களஞ்சியத்தில் ஆகாது. 2013இலிருந்து இருக்கிறது, எந்தத் துறையானாலும் எந்த நாடானாலும் போடலாம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை. அலெக்சாந்திரியா நூலகத்தின் முதல் நூலகர் ஜெனோடோட்டஸின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. உங்கள் துறைக்கென்று தனிக் களஞ்சியம் இருந்தால் முதலில் அங்கே போங்கள், அங்கே உங்கள் தரவைத் தேடுகிறவர்கள் வருவார்கள்.

கட்டுரையை அனுப்பும் முன்பே எண் வேண்டுமென்றால் ஜெனோடோவில் முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளலாம். ஒதுக்கிய எண், நீங்கள் "வெளியிடு" அழுத்தும் வரை எங்கேயும் திறக்காது. கட்டுரை அச்சாகி, பதிவு மட்டும் வரைவிலேயே தூங்கிக்கொண்டிருக்கும் கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

ஜெனோடோ இரண்டு எண் காட்டுகிறது. எதை எடுப்பது?

ஒன்று குறிப்பிட்ட பதிப்புக்கு, மற்றது எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவானது. பொதுவானதைத் தட்டினால் எப்போதும் கடைசிப் பதிப்புக்குப் போகும். கணக்குப் போட்ட தரவென்றால் பதிப்பின் எண். "இப்படி ஒரு தொகுப்பு இருக்கிறது, பாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லும்போது மட்டும் பொது எண். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உள்ள நிரலும் இதே கதைதான். கிட்ஹப்பின் வெளியீட்டை ஜெனோடோவோடு இணைத்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எண் கிடைக்கும், அதைப் போடுங்கள்.

தரவில் தப்பு கண்டுபிடித்தேன். பழையதை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள், புதிய பதிப்பு போடுங்கள், என்ன மாறியது என்று இரண்டு வரி எழுதுங்கள். பழையதை வைத்துக் கணக்குப் போட்டவர் யாரோ ஒருவர் இருப்பார். தனிநபர் விவரம் கசிந்தது போன்ற காரணத்தால் நீக்கியே ஆக வேண்டும் என்றால் கோப்பு போகும், பக்கம் நிற்கும்: இன்ன தலைப்பு, இன்னார் செய்தது, இந்தக் காரணத்தால் நீக்கப்பட்டது என்று. ஊர் எல்லையில் நிற்கும் நடுகல் மாதிரி. ஆள் இல்லை, ஆனால் யார், எப்படிப் போனார் என்று கல் சொல்லும்.

டி.ஓ.ஐ. இருந்தால் தரமான தரவு என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. ஜெனோடோவில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், அதற்கும் எண் கிடைக்கும். இலவசமாக இறக்கலாம் என்றும் அர்த்தமில்லை, பூட்டி வைத்த தரவுக்கும் டி.ஓ.ஐ. உண்டு. உரிமம் என்ன என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

டி.ஓ.ஐ. அமைப்பே படுத்துவிட்டால்?

ஒரு முறை படுத்தது. 2015 ஜனவரி 20 அன்று டிஓஐ டாட் ஓஆர்ஜி என்ற முகவரியையே உரிய நேரத்தில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். உலகம் முழுக்க டி.ஓ.ஐ. லிங்க்குகள் பல திறக்கவில்லை. கேபிள் கனெக்‌ஷனுக்குப் பணம் கட்ட மறந்த கதைதான். உடனே புதுப்பித்தார்கள் என்றாலும், பழைய தகவலைப் பிடித்துவைத்திருந்த சர்வர்கள் எல்லாம் வழிக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் எண்கள் எதுவும் தொலையவில்லை, அட்டவணையும் பத்திரமாக இருந்தது, வாசல் பலகைதான் விழுந்தது. அதனால்தான் லிங்க்கோடு தலைப்பு, களஞ்சியம், பதிப்பு என்று மற்றதையும் எழுதச் சொல்கிறேன். வாசல் பலகை விழுந்த அன்றும் ஆளைத் தேடிப் பிடிக்கலாம்.

கட்டுரையில் உள்ள டி.ஓ.ஐ.யை ஒட்டினால் "கிடைக்கவில்லை" என்று வருகிறது. செத்துவிட்டதா?

பத்தில் எட்டு முறை, வாக்கியத்தின் கடைசி முற்றுப்புள்ளியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதை எடுத்துவிட்டுத் தட்டுங்கள். இல்லையா, பிடிஎஃபில் எண் இரண்டு வரியாக உடைந்து நடுவில் ஒரு இடைவெளியோ கோடோ நுழைந்திருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பற்றிக் கவலை வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். இதையெல்லாம் பார்த்தும் திறக்கவில்லை என்றால் டிஓஐ தளத்திலேயே பிழையைத் தெரிவிக்க ஒரு படிவம் இருக்கிறது, ஒரு நிமிட வேலை.